எந்த வேந்தர்? மந்தாத்தும் வாங்கிய கதை

போன வாரம்தான் கடிதம் கைக்கு வந்தது. ஒரே பக்கம். மேலே மறைமாவட்ட முத்திரை, கீழே அந்த மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் (பிஷப்பின்) கையெழுத்து, நடுவில் நான்கு வரி. அந்த நான்கு வரிக்காக ஏழு மாதம் அலைந்திருக்கிறேன். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பிக்கப் போகும் பொதுநிலையினருக்கு (குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கு), அதுவும் என்னைப் போன்ற பெண்களுக்கு, எங்கெங்கே கால் இடறும் என்று தெரிந்திருக்கட்டும். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மந்தாத்தும் என்றால் என்ன என்று இந்த வழியில் வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 812-ஆவது சட்டம். உயர்கல்வி நிறுவனம் எதுவானாலும், அங்கே இறையியல் பாடங்கள் கற்பிப்பவருக்குத் தகுந்த திருச்சபை அதிகாரியின் ஆணை, அதாவது மந்தாத்தும், வேண்டும். 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட ‘எக்ஸ் கோர்தே எக்லேசியே’யும் அதையே திரும்பச் சொல்கிறது. படிக்க ஒரு வரிதான். அந்தத் ‘தகுந்த அதிகாரி’ யார் என்று கண்டுபிடிப்பதிலேயே எனக்கு மூன்று மாதம் போய்விட்டது.

விண்ணப்பம், மாதிரி வகுப்பு, நேர்காணல் எல்லாம் சுமுகமாக முடிந்தன. பணி நியமன ஆணையின் இரண்டாம் பக்கத்தில்தான் வினை இருந்தது. ‘வேந்தரிடமிருந்து கற்பிக்கும் ஆணையைப் பெற்று 90 நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.’ சரி, வேந்தர் என்றால் பல்கலைக்கழகத்தின் வேந்தர்தானே? பல்கலைக்கழகத்தை நடத்தும் துறவற சபையின் தலைவர்தான் அங்கே வேந்தர். மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, சான்றிதழ் நகல்களை இணைத்து அனுப்பினேன். ஆறு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் பதில் வந்தது. புதிய பணிக்கு வாழ்த்துகள், உங்களுக்காகச் செபிக்கிறேன். அவ்வளவுதான். அதை ஆணை என்று நினைத்துக்கொண்டு மனிதவளப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்தவரும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்! இரண்டு வாரம் கழித்து, ‘மேடம், இது வேற வேந்தர்’ என்று திருப்பிக் கொடுத்தார்.

மறைமாவட்டத்துக்கும் வேந்தர் உண்டு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஆயரில்லத்தில் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர், ஆயரின் ஆணைகளை எழுதிப் பதிவு செய்பவர். பல்கலைக்கழக வேந்தருக்கும் இவருக்கும் பெயரைத் தவிர வேறெந்த ஒற்றுமையும் கிடையாது. சரி, இப்போது புரிந்துவிட்டது என்று நான்கு மணி நேரம் பேருந்தில் போய் எங்கள் மறைமாவட்ட வேந்தரைப் பார்த்தேன். நல்ல மனிதர். உட்கார வைத்து, கோப்பை முழுவதும் படித்துவிட்டு, ‘பல்கலைக்கழகம் எந்த மறைமாவட்டத்துல இருக்கு?’ என்று கேட்டார். சொன்னேன். ‘அப்போ நீங்க பார்க்க வேண்டியது அந்த ஆயரை. நீங்க எங்கே குடியிருக்கீங்கங்கறது கணக்கில்ல.’ அதை ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். திரும்ப நான்கு மணி நேரம்.

(ஆயர் பேரவைகளின் நடைமுறை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். என் விஷயத்தில், பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் மறைமாவட்டத்தின் ஆயர். யாரைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.)

இதற்கிடையில் கூடப் படித்த ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், என் தூக்கத்தைக் கெடுத்தார். ‘உனக்கு மிஸ்ஸியோ கனோனிக்கா வேணும், அதைப் பெரும் வேந்தர்தான் தரணும், அதுக்கு முன்னாடி ரோமிலிருந்து நிகில் ஒப்ஸ்தாத் வரணும்’ என்றார். முதலாவது கற்பிக்க அனுப்பும் திருச்சபை ஆணை, கடைசியாகச் சொன்னது ‘தடையில்லை’ என்ற ஒப்புதல். நடுவில் மூன்றாவது வேந்தர்! இரண்டு வாரம் இணையத்தில் தேடி, சட்ட வரிகளைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் சொன்னது திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அதிகாரத்தில் பட்டம் வழங்கும் திருச்சபைப் பீடங்களுக்கான நடைமுறை. அந்தப் பீடங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1979-இல் வந்தது ‘சபியென்சியா கிறிஸ்தியானா’. அதன் இடத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் கையெழுத்திட்டது ‘வெரித்தாத்திஸ் கௌதியும்’. எங்களுடையது சாதாரணக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இறையியல் துறை அங்கே இருபது முப்பது துறைகளில் ஒன்று. எனக்கு மந்தாத்தும் போதும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் யாரிடமும் ஆலோசனை கேட்காதீர்கள். ஆளுக்கொரு பதில் வரும், எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரியாகத்தான் இருக்கும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சிஸ்டர். பல்கலைக்கழகத்தில் ‘மிஷன்’ அலுவலகம் என்று ஓர் அறை, நூலகத்துக்குப் பின்னால். நிறுவனத்தின் கத்தோலிக்க அடையாளத்தைக் கவனிப்பது அவர்கள் வேலை என்று பலகை சொல்கிறது. உள்ளே அந்த சிஸ்டரும் ஒரு பழைய அச்சுப்பொறியும்தான். ஆட்சிக் குழு, பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ரெக்டர், சபைத் தலைவர் என்று பெயர்ப் பலகைகளில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் எந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும், அந்தத் தாள் யார் மேசையில் தூங்குகிறது என்பது இவருக்குத்தான் தெரியும். நான் முதல் நாளே அந்த அறைக்குப் போயிருந்தால் இந்தக் கதையில் பாதி இருக்காது. அவரிடம் என் மூன்று வேந்தர் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. ‘போன வருஷமும் ஒருத்தர் இதே மாதிரி போனார்’ என்று சொல்லி, சரியான ஆயரில்லத்தின் விண்ணப்பப் படிவம் இருக்கும் இணைப்பை அனுப்பினார்.

படிவம் இணையத்தில் நிரப்ப வேண்டியது. பெயருக்கு முன்னால் அருட்தந்தை, அருட்சகோதரி, அருட்சகோதரர் என்று மூன்று தெரிவு. நான் எதுவுமில்லை. சரி, அருட்சகோதரியைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், ‘சபையின் பெயர்’ கட்டாயம். பின்னால் போய் மாற்றினால், ‘குருப்பட்டம் பெற்ற தேதி’ கட்டாயம். நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. தொலைபேசியில் கேட்டால், ‘ஏதாவது ஒரு தேதி போட்டு அனுப்புங்க, நாங்க புரிஞ்சுக்குவோம்’ என்றார் எழுத்தர். நம்பிக்கையைக் கற்பிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், வாங்காத குருப்பட்டத்துக்குத் தேதி போட எனக்கு மனம் வரவில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் எதிர்காலம் பெருமளவு பொதுநிலையினரின் திறமையையும் அர்ப்பணிப்பையும் நம்பியிருக்கிறது என்று மேலே சொன்ன 1990-ஆம் ஆண்டு ஆவணம் அதன் 25-ஆம் எண்ணில் சொல்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தச் செய்தி படிவம் தயாரித்தவருக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் தாளில் அச்சிட்டு, அந்தக் கட்டங்களில் ‘பொருந்தாது’ என்று பேனாவால் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஏழு மாதத்தில் என் முதல் வெற்றி அது.

அடுத்து இணைப்புகள். பங்குத்தந்தையின், அதாவது எங்கள் பங்கு ஆலயக் குருவின், கடிதம் ஒரே நாளில் கிடைத்தது. திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழில்தான் சிக்கினேன். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருந்த பழைய சான்றிதழின் நகலை அனுப்பியிருந்தேன். செல்லாது, ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டது வேண்டும், ஓரக்குறிப்புகளோடு வேண்டும் என்று வந்தது. காரணம் நியாயமானதுதான். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், துறவற இறுதி வார்த்தைப்பாடு எல்லாம் குறிக்கப்பட வேண்டும். புதிய சான்றிதழைப் பார்த்தால் ஒருவருடைய இன்றைய நிலை தெரிந்துவிடும். திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு எழுதினேன், பத்து நாளில் புதிய சான்றிதழ் வந்தது. ஓரக்குறிப்பில் உறுதிபூசுதல் இருந்தது. திருமணம் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி பதினொரு வருடம்! திருமணம் வேறொரு பங்கில் நடந்தது. அங்கிருந்த பங்குத்தந்தை என் திருமுழுக்குப் பங்குக்குத் தகவல் அனுப்பியிருக்க வேண்டும், அது அவருடைய கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. அனுப்பவில்லையோ, அனுப்பியது வழியில் தொலைந்ததோ, ஆக மொத்தம் திருச்சபையின் பதிவேட்டில் நான் இன்னும் கன்னிப்பெண். விண்ணப்பத்தில் ‘திருமணமானவர்’, சான்றிதழில் ஒன்றுமில்லை. ஆயரில்லம் கேட்காமல் இருக்குமா? திருமணம் நடந்த பங்கிலிருந்து சான்றிதழ் வாங்கி, அதைத் திருமுழுக்குப் பங்குக்கு அனுப்பி, அவர்கள் ஓரத்தில் எழுதி, மறுபடி புதிய சான்றிதழ் கொடுக்க ஐந்து வாரம். திருமணமானவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே இதைச் சரிபார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பதிவாகியிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் தன் பங்குக்கு வேறொரு வேடிக்கை காட்டியது. என் உயர்ந்த பட்டம் இறையியலில் லைசென்சியேட். திருச்சபைக் கல்வியில் பட்டங்கள் பாக்கலோரியாத்து, லைசென்சியேட், டாக்டர் என்று போகும். நடுவில் இருக்கும் இதை வைத்துத்தான் குருமடத்தில் கற்பிக்கவே தகுதி வருகிறது. இரண்டு வருட மெய்யியல், மூன்று வருட இறையியல், அதற்கு மேல் இரண்டு வருடம். கௌண்டரில் இருந்தவர் லத்தீனில் அச்சிட்ட என் பட்டயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இது லைசென்ஸ்தானே மேடம்? டிகிரி சர்டிபிகேட் எங்கே?’ நான் விளக்க விளக்க, அவர் கணினியில் ‘டிப்ளமா’ என்று தட்டிவிட்டார். சம்பளப் படிநிலை அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது. படித்த பீடத்தின் தலைவரிடமிருந்து, இது இரண்டாம் சுற்றுப் பட்டம் என்று கையெழுத்தோடு கடிதம் வரவழைத்து, லத்தீனிலிருந்து சான்றளித்த மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் திருத்தினார்கள். திருப்பீடம் 2003-இலேயே ஐரோப்பிய நாடுகளின் பட்டங்களை ஒப்பிட வழிசெய்யும் பொலோன்யா ஒப்பந்த நடைமுறைக்குள் வந்துவிட்டது, அதனால் பல பீடங்கள் பட்டத்தோடு விளக்கப் பின்னிணைப்பும் தருகின்றன. பட்டம் வாங்குகிற நாளிலேயே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்று விருந்துக்குப் போகிற அவசரத்தில் கேட்கவில்லை.

எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது. ஆயரில்லத்திலிருந்து ‘பரிசீலனை முடிந்தது’ என்று மின்னஞ்சல் வந்தது. இனி நம்பிக்கை அறிக்கையை வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்திடுவது மட்டும்தான். நிசேயா நம்பிக்கை அறிக்கையும் அதோடு மூன்று பத்திகளும், 1989 முதல் நடைமுறையில் இருக்கிற வாசகம். துறைத் தலைவர் உற்சாகமாகிவிட்டார். சிற்றாலயத்தில் சின்ன நிகழ்ச்சி, ரெக்டர் முன்னிலையில், மாணவர்களும் வரட்டும் என்றார். அழைப்பு போனது. ஜெபப் பாடல்கூட முடிவாகிவிட்டது.

முந்தைய நாள் மாலை சிஸ்டரிடமிருந்து அழைப்பு. ‘ரெக்டர் மேடம் குருவா?’

எங்கள் ரெக்டர் பொதுநிலையினர். வேதியியல் பேராசிரியை. 833-ஆவது சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆசிரியர்கள் ரெக்டர் முன்னிலையில் நம்பிக்கை அறிக்கை செய்யலாம், அவர் குருவாக இருந்தால். இல்லையென்றால் மறைமாவட்டத் தலைவர் அல்லது அவர் நியமிக்கும் ஒருவர் முன்னிலையில். நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை, நானும்தான், இறையியல் கற்பிக்கப் போகிற நானும்தான். நிகழ்ச்சி ரத்து. ரெக்டரிடம் போய்ச் சங்கடத்தோடு சொன்னால், அவர் சிரித்தார். ‘நான் ரெக்டரா வந்தப்போ ஆயர் முன்னாடி நின்னு இதையேதான் சொன்னேன். நீங்க சொல்றதைக் கேட்க மட்டும் எனக்கு அதிகாரம் இல்ல பாருங்க!’ கோபம் எனக்குத்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாணவர் ஆன்மீகப் பணிக்குப் பொறுப்பான ஃபாதரை ஆயர் தம் சார்பில் நியமித்துக் கடிதம் அனுப்ப மூன்று வாரம். அதன் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், பத்து நிமிடத்தில் முடிந்தது. பாடல் இல்லை, மாணவர்கள் இல்லை, சிஸ்டர் மட்டும் சாட்சியாக நின்றார். கையெழுத்திட்ட தாளை அங்கேயே இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தார். அந்த நகல் முக்கியம். மந்தாத்தும் கடிதம் வேறு, நம்பிக்கை அறிக்கைத் தாள் வேறு, மனிதவளப் பிரிவு இரண்டையும் கேட்டது.

90 நாள் கெடு எப்போதோ கடந்துவிட்டது. அதற்காக ஒரு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினேன், படித்திருக்க மாட்டார்கள். நியமன ஆணையில் ‘வேந்தர்’ என்ற சொல்லை ‘மறைமாவட்ட ஆயர்’ என்று மாற்றும்படி சிஸ்டர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். புதிதாக வந்திருக்கும் சக ஆசிரியரின் ஆணையைப் பார்த்தேன், இன்னும் ‘வேந்தர்’தான். அவரைக் கையைப் பிடித்து நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நேற்றுத் திருமுழுக்குப் பங்கிலிருந்து இன்னொரு சான்றிதழ், நான் கேட்காமலே வந்தது. முதலில் கேட்ட கடிதத்துக்கும் ஒரு தடவை, நினைவூட்டலுக்கும் ஒரு தடவை எழுதிவிட்டார்கள் போல. என் பெயருக்கு எதிரே இப்போது திருமணம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. தேதி ஒன்றுதான், மாப்பிள்ளையும் ஒருவர்தான், நல்ல வேளை. திருத்தச் சொல்லி எழுத வேண்டும். யாருக்கு எழுத வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன்.