கார் ஷெட்டை வாடகை வீடாக்கினோம்: முதலில் தரையைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற கார் ஷெட்டைச் சின்னதாக ஒரு வாடகை வீடாக மாற்றி முடித்தோம். சுவரும் கூரையும் இருக்கிறதே, பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று நம்பி இறங்கினேன். உண்மையான வேலை காலடியில் கிடந்தது.

கார் நிற்கும் தரையை மட்டமாகப் போடுவதில்லை. தண்ணீர் வாசல் பக்கம் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எங்கள் ஷெட்டில் 20 அடிக்கு இரண்டரை அங்குலம் இறக்கம். அடுத்தது ஓதம், அதாவது மண்ணிலிருந்து தரை வழியாக ஏறும் ஈரம். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். மறுநாள் காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர். நல்லவேளை, டைல்ஸ் வாங்குவதற்கு முன் பார்த்தேன். ஆயில் ஊறிய இடங்களைக் கொத்தி எடுத்து, ஈரத்தடுப்புத் தாள் விரித்து, மேலே மட்டமாகக் கான்கிரீட் போட்டோம். தரை உயர உயர, தலைக்கு மேல் உயரம் குறையும். அனுமதிக்கான உயரத்தை முடிந்த தரையிலிருந்துதான் அளக்கிறார்கள். வரைபடம் போடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

கழிவுநீர்க் குழாய்தான் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது. அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். நான் ஆசைப்பட்ட மூலையில் கழிவறை வைத்தால் மெயின் குழாய்க்கு 60 அடி, அதாவது 15 அங்குலம் இறங்க வேண்டும். மெயின் குழாய் அவ்வளவு ஆழத்தில் இல்லை. வீட்டுப் பக்க மூலைக்கு மாற்றியதும் தூரம் 40 அடியானது, 10 அங்குலம் போதுமானது. சமையலறையும் அதே சுவருக்கு வந்தது.

பள்ளத்தை மூடிவிடலாம் என்று பிளம்பர் அவசரப்பட்டார். சோதனை முடியட்டும் என்று நிறுத்தினேன். குழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பியதும், ஒரு இணைப்பில் சொட்டு சேர்ந்து சேர்ந்து மண்ணில் விழுந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மண் போட்டிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மின்சாரத்துக்குத் தனி போர்டு, தனி மீட்டர், இதில் சிக்கலில்லை. ஷட்டர் இருந்த இடத்தில் புதுச் சுவர் எழுப்பும்போது, தீப்பிடித்தால் ஆள் ஏறி வெளியே குதிக்கும் அளவுக்கு ஜன்னல் வைக்கச் சொன்னார்கள். வைத்து, நானே ஒருமுறை ஏறி வெளியே இறங்கிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.