ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம்

ஒருவர் புது வேலையில் சேரும்போது கொடுக்கிற விவரமெல்லாம் உண்மைதானா என்று கம்பெனிக்காகச் சரிபார்த்துச் சொல்வது என் வேலை. சென்னையில் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், சுருக்கமாக பி.ஜி.வி. என்போம். கல்லூரிச் சான்றிதழ், பழைய கம்பெனியில் இருந்த தேதிகள், குடியிருக்கும் முகவரி, கோர்ட்டில் வழக்கு ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு ‘செக்’காக முடித்து, கடைசியில் ரிப்போர்ட்டுக்கு ஒரு நிறம் கொடுப்போம். எல்லாம் பொருந்தினால் பச்சை. போலிச் சான்றிதழ் மாதிரி எதுவும் மாட்டினால் சிவப்பு. இரண்டிலும் சேராமல் இழுத்துக்கொண்டு நிற்பது அம்பர். ஒவ்வொரு செக்குக்கும் கீழே ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் நான் ஒருமுறை எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த வரி எனக்கே மறந்துபோயிருந்தது. ஞாபகப்படுத்தியது ஒரு டிவி தொடர். ‘ஃபெலோ டிராவலர்ஸ்’ என்று 2023-ல் வந்த அமெரிக்கத் தொடர், எட்டு எபிசோடு. காதல் கதை, பார்த்தால் அழுதுவிடுவாய் என்று தோழி ஒருத்தி சொன்னாள். தீபாவளி லீவில் மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தேன்.

கதை 1950-களின் வாஷிங்டனில் தொடங்குகிறது. ஹாக் வெளியுறவுத் துறை அதிகாரி. போரில் பதக்கம் வாங்கியவன், யாரிடமும் எதையும் முழுதாகச் சொல்லாதவன். டிம் இளையவன், கடவுள் பக்தி உள்ள கத்தோலிக்கப் பையன். எல்லோரும் மதுக் கோப்பையோடு சுற்றும் பார்ட்டியில் கையில் பால் கிளாஸோடு நிற்பான். ஹாக்கின் தயவில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் அலுவலகத்தில் டிம்முக்கு வேலை கிடைக்கிறது. இருவரும் காதலிக்கிறார்கள். இருவர் வேலை பார்க்கும் இடத்திலும் இவர்களைப் போன்றவர்களைத்தான் தேடிப் பிடித்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாட் போமரும் ஜோனதன் பெய்லியும் அந்தப் பயத்தைக் கழுத்திலும் தோளிலும் வைத்துக்கொண்டே நடித்திருக்கிறார்கள். கதவு சாத்தியபிறகுதான் அந்தத் தோள்கள் இறங்கும்.

ஹாக்கைப் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைக்கிற காட்சியில்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். கேள்வி கேட்கிறவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்கிறார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பழைய மேனேஜருக்குப் போன் போட்டு, ‘ஜாயினிங் டேட் சொல்லுங்க சார், ரீலீவிங் டேட் சொல்லுங்க சார்’ என்று நான் தினமும் கேட்கிற அதே குரல்.

அப்புறம்தான் அந்தக் காலத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று மெக்கார்த்தி கிளப்பியது 1950 பிப்ரவரியில். அதே மாதக் கடைசியில் அந்தத் துறையின் உயரதிகாரி ஜான் பியூரிஃபாய் செனட் கமிட்டி முன்னால் வந்து, 91 பேரை ஏற்கெனவே வெளியே அனுப்பிவிட்டோம், அவர்களில் பெரும்பாலோர் ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் என்றார். கம்யூனிஸ்டுகளைத் தேடியதைச் சிவப்புப் பீதி என்கிறார்கள். அதன் நிழலில் நடந்த இந்த வேட்டைக்கு லாவெண்டர் பீதி என்று பிற்பாடு பெயர் வந்தது. ‘ஃபெலோ டிராவலர்’ என்றால் கட்சியில் சேராமலே கம்யூனிஸ்டுகளுக்கு அனுதாபமாக இருப்பவர் என்று அன்றைக்கு அர்த்தம். நம் மொழியில் வழித்துணை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

1953 ஏப்ரல் 27-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 10450 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். மத்திய அரசு வேலையில் இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும், நாட்டின் பாதுகாப்புக்குப் பொருந்தாதவர்களை நீக்க வேண்டும். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலில் குடிவெறி, போதைப் பழக்கம் ஆகியவற்றின் கூடவே ‘பாலியல் பிறழ்வு’ என்பதும் இருந்தது. இந்த ஆணையை நான் என் வேலையின் கண்ணோடுதான் படித்தேன். எங்கள் கிளையன்ட்டுகள் அனுப்புகிற செக் லிஸ்ட்டின் நடை அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். விஷயம் வெளியே வரும் முன் தாங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் நிறையப் பேர்.

இவர்கள் ரகசியத்தை வைத்து எதிரி நாடு மிரட்டிக் காரியம் சாதிக்கும் என்பதுதான் அரசு சொன்ன காரணம். 1950-ல் செனட்டின் ஹோயி கமிட்டி இதை விசாரித்தபோது கிடைத்த உதாரணம் ஒன்றே ஒன்று. முதல் உலகப் போருக்கும் முந்தைய ஆஸ்திரிய உளவுத் துறை அதிகாரி ஆல்ஃபிரட் ரெட்ல். அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை. ஆனால் மிரட்டல் நடக்கத்தான் செய்தது, அதுவும் செனட்டுக்கு உள்ளேயே. வயோமிங் மாநில செனட்டர் லெஸ்டர் ஹன்ட்டின் மகனை 1953-ல் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் போலீஸ் பிடித்தது. மறுபடி தேர்தலில் நின்றால் மகன் விஷயத்தை ஊரறியச் செய்வோம் என்று எதிர்க்கட்சி செனட்டர்கள் நெருக்கினார்கள். 1954 ஜூன் 19-ம் தேதி, ஹன்ட் தன் அலுவலக அறையிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். தொடரில் இவரை மனதில் வைத்து உருவாக்கிய ஒரு செனட்டர் வருகிறார், ஹாக்குக்கு அப்பா மாதிரி. அந்த எபிசோடை முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சரி, என் வரிக்கு வருகிறேன்.

2011. வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முகவரி செக்கில், ஃபீல்டு பையன்கள் எழுதிக்கொண்டு வரும் ஃபார்மைப் பார்த்து சிஸ்டத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. வேளச்சேரிப் பக்கம் ஒரு மாடி வீடு. அந்த வீட்டில் இருந்தவர் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்வதற்காகக் காத்திருந்தார். முகவரி சரி, குடியிருக்கும் காலம் சரி, வாடகை ஒப்பந்தம் சரி. கீழ் வீட்டு அம்மாவிடம் விசாரித்ததாகப் பையன் எழுதியிருந்தான். “வாடகை கரெக்ட். சத்தம் கிடையாது. ரெண்டு பசங்களும் மூணு வருஷமா ஒண்ணா இருக்காங்க. ஒரு மாதிரி.”

‘ஒரு மாதிரி.’ அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அதை நல்ல ஆபீஸ் இங்கிலீஷில், ‘நடத்தை குறித்து அண்டை வீட்டார் எதிர்மறையான கருத்துத் தெரிவித்தார்’ என்ற பொருள் வரும்படி ரிமார்க்ஸ் கட்டத்தில் தட்டினேன். பச்சை போட வேண்டிய கேஸுக்கு அம்பர் போட்டேன். எனக்கு அந்தப் பையன்கள்மேல் எந்த வெறுப்பும் இல்லை. அவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஃபார்மில் இருந்ததை ஏற்றினேன், அவ்வளவுதான். டீம் லீட் பார்த்துவிட்டு, “நல்லா கவனிச்சிருக்கே” என்றார். அன்றைக்குச் சாயங்காலம் சந்தோஷமாக வீட்டுக்குப் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது.

“மேடம், என் அட்ரஸ் செக்ல ஏதோ வந்திருக்குன்னு சொல்றாங்க. என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“அதை நாங்க சொல்ல முடியாது சார். அவங்க ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க.”

“அவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க மேடம்.”

“ரிப்போர்ட் கிளையன்ட்டுக்கு மட்டும்தான் சார் குடுப்போம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது. “வாடகை அக்ரிமென்ட் வேணா இன்னொரு தடவை அனுப்பட்டுமா மேடம்?” என்றார். வேண்டாம் சார், அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன். “அது சரியா இருக்கா,” என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம், “தேங்க்ஸ் மேடம்,” என்று வைத்துவிட்டார். அவருக்கு அந்த வேலை கிடைத்ததா, போயிற்றா, எனக்குத் தெரியாது. அந்தத் தகவல் எங்கள் மேஜைக்கு வராது.

ஒருபாலுறவைக் குற்றமாக வைத்திருந்த 377-ம் சட்டப் பிரிவை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியிருந்த காலம் அது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, 2018 செப்டம்பர் 6-ல் மறுபடி அதே நீதிமன்றம், வயது வந்த இருவரின் சம்மதமான உறவு குற்றமாகாது என்று சொன்னது. இதில் எதுவும் அன்றைக்கு என் தலையில் ஓடவில்லை. சட்டம் எப்படி இருந்திருந்தாலும் அந்த வரியை நான் தட்டியிருப்பேன்.

ஃபிராங்க் காமெனியைப் பற்றிப் படித்த அன்றுதான் அந்தப் போன் எனக்குள் மறுபடி அடித்தது. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய வானியலாளர். அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவில் வேலை. 1957-ல் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று நம்பும்படியான தகவல் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். என்ன தகவல் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

அதைச் சொல்ல முடியாது. நான் சொன்ன அதே வார்த்தை.

அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். வேறு எந்த மத்திய அரசு வேலைக்கும் வர முடியாதபடி தடையும் போட்டார்கள். ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்து, வானத்தைப் படித்தவர்களை அமெரிக்கா தேடி அலைந்த நேரம் அது. காமெனி சாப்பாட்டுக்கே திண்டாடினார். ஆனால் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார், 1961-ல் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டார்கள். 1965 ஏப்ரல் 17-ல் சிலரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளை மாளிகை வாசலில் அட்டை பிடித்து நின்றார். ஆண்கள் கோட்டு டை, பெண்கள் பாவாடை. வேலை கேட்டு வந்தவர்கள் வேலைக்கு வந்த மாதிரியே உடுத்தியிருக்க வேண்டும் என்பதில் அவர் கறார். அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. 1975-ல் சிவில் சர்வீஸ் கமிஷன் அந்தத் தடையைப் பொதுவாக எடுத்தது. 2009-ல், அதே கமிஷனின் வழிவந்த அலுவலகம் அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. கடிதத்தைக் கொடுத்த அதிகாரி ஜான் பெர்ரியும் தன்னை ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். காமெனிக்கு அப்போது வயது 84.

தொடரில் என்னால் தாங்க முடியாமல் போன இடம் வேறொன்று. டிம்முக்கு மறுபடி ஒரு அரசு வேலை வரும் நேரத்தில் ஹாக்கே அவனைப் பற்றி விசாரணைப் பிரிவிடம் சொல்லிவிடுகிறான். தன் வாழ்க்கையிலிருந்து டிம்மை அப்புறப்படுத்த அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். காதலித்தவன் கையால் ஃபைலில் ஏறிய வரி. அதற்குப்பின் டிம்முக்கு அரசாங்கக் கதவு சாத்திவிடும். தொடர் 1986-க்கும் 50-களுக்கும் மாறி மாறிப் போகிறது. எய்ட்ஸில் டிம் போனபின், வாஷிங்டன் மைதானத்தில், அந்த நோயில் இறந்தவர்களின் பெயர் தைத்து விரித்திருக்கும் நினைவுத் துணிகளின் நடுவே ஹாக் மகளோடு வருகிறான். 1987 அக்டோபரில் உண்மையாகவே அங்கே விரித்தார்கள், 1,920 துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சவப்பெட்டி அளவு. டிம் பெயர் தைத்த துணிக்கு முன்னால், இவன் என் நண்பன் இல்லை, நான் காதலித்தவன் என்று மகளிடம் சொல்கிறான். ஒரு வாக்கியம் சொல்ல ஒரு மனிதனுக்கு முப்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

இப்போது ஒரு டீம் என் பொறுப்பில் இருக்கிறது. லீவு முடிந்து போனதும் முகவரி செக் ஃபார்மை எடுத்து உட்கார்ந்தேன். ஃபீல்டு பையன்கள் வாசலில் நின்று முதலில் கேட்கிற கேள்வி, “ஆள் எப்படிங்க?” அதைக் கேட்டால் யாரும் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வியை எடுத்தேன். இங்கே இருக்கிறாரா, எப்போதிலிருந்து, சொல்கிற நீங்கள் அவருக்கு யார். இந்த மூன்றுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு கிளையன்ட் மட்டும் ‘நடத்தை’ வரிசை கட்டாயம் வேண்டும் என்று நின்றார்கள். முகவரி செக்கில் முகவரியைத்தான் பார்க்க முடியும் என்று நானும் நின்றேன். மூன்று மீட்டிங் ஆயிற்று. கடைசியில் எடுத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், “அக்கா, யாராவது தானா வந்து சொன்னா என்ன பண்றது?” என்று கேட்டாள். கேட்டுக்கோ, ஏத்தாதே என்றேன்.

2011 ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தேன். வருடக் கெடு முடிந்து எப்போதோ அழித்துவிட்டார்கள், அதுதான் விதி. அவர் பெயரும் ஞாபகம் வரவில்லை. அத்தாட்சிக்காகப் பையன் எடுத்து வந்த போட்டோ மட்டும் கண்ணில் நிற்கிறது. மாடிப்படியின் மேலே ஒரு பச்சைக் கதவு, கதவு நம்பர் தெரியும்படி எடுத்தது. கைப்பிடிச் சுவர்மேல் ஒரு துளசித் தொட்டி. அதற்குப் பக்கத்தில் காய வைத்த இரண்டு ஹெல்மெட்.