உதட்டில் வைத்த பெல்லட்

காற்றழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு முறையும் டப்பாவை நோக்கிக் கை நீட்டாமல் இருப்பதற்காக பெல்லட் எனப்படும் சிறு குண்டுகள் நான்கைந்தை உதடுகளுக்கிடையே வைத்துக்கொள்ளும் பழக்கம், பல ஆண்டுகளாகச் சுட்டு வந்த எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது. 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய அரை கிராம் எடையும் கொண்ட அந்தக் குண்டு ஈயத்தால் ஆனது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதை வாயில் வைத்திருந்தேன்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "ஈயந்தானே, ஈயச் சொம்புல நாம ரசம் வைக்கலையா?" என்று கேட்டார். இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சுவழக்கும் ஒரு காரணம். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் (டின்) ஆனது. துப்பாக்கிக் குண்டோ நச்சுத்தன்மையுள்ள காரீயம் (லெட்). இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். இனி இந்தப் பதிவில் ஈயம் என்று நான் எழுதுவதெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது என்பதால், அங்கே ஈயம் பெரும்பாலும் விரல் வழியாகவே வாய்க்குப் போகிறது. பின்னர் நான் பழகத் தொடங்கிய, வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிளின் கதை வேறு. அதன் தோட்டா அடிவிளிம்பில் இருக்கும் பற்றவைப்பு மருந்தில் பொதுவாக லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம் கலந்திருக்கிறது. குண்டின் மேலும் பெரும்பாலும் செம்புக் கவசம் இருப்பதில்லை. சுடும்போது அந்த மருந்து எரிந்தும், குண்டின் அடிப்பகுதி வெப்பத்தில் உருகியும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக ஈயம் காற்றில் கலக்கிறது. விழுங்கிய ஈயத்தில் ஒரு பகுதியே பெரியவர்களின் உடலில் சேரும். நுரையீரலின் ஆழத்தை எட்டிய நுண்துகளோ ஏறக்குறைய முழுவதுமாக இரத்தத்தில் கலந்துவிடும்.

சென்ற ஆண்டு வேறொரு காரணத்துக்காக இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, நானே கேட்டு ஈய அளவையும் பார்க்கச் செய்தேன். ஒரு டெசிலிட்டருக்கு 17 மைக்ரோகிராம் என்று வந்தது. பெரியவர்களுக்கு 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே உயர்ந்த அளவாகக் கருத வேண்டும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனமான நியோஷின் இன்றைய வரையறை. எனக்கு வயிற்றுவலியோ தலைவலியோ சோர்வோ எதுவும் இல்லை; அறிகுறி இல்லாததையே நலம் என்று எண்ணிக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறேன். கால்சியத்தைப் போல வேடமிட்டு உடலுக்குள் நுழையும் ஈயத்தின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும் என்றாலும், எலும்பில் படிந்த பகுதி பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கரைந்து சிசுவையும் எட்டும் என்பதால், சுடும் பெண்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என்னை உண்மையில் கலங்க வைத்தது என் மூன்று வயது மகள்தான். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலான பங்கைக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சிலிருந்து வந்த அதே சட்டையோடு அவளைத் தூக்கியிருக்கிறேன். அதே செருப்போடு கூடத்தில் நடந்திருக்கிறேன். அவளுக்கும் பரிசோதனை செய்தோம். முடிவு வரும்வரை அந்த இரண்டு நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாக அளவு குறைவாகவே இருந்தது.

சுடுவதைவிட அழுக்கான வேலை, குண்டுகள் போய்ச் சேரும் இரும்புப் பெட்டியைச் சுத்தம் செய்வதுதான். எஃகுத் தகட்டில் மோதிய பெல்லட் நொறுங்கிப் பொடியாகிறது. அதை நாங்கள் முறைவைத்துத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தோம். தொண்டு என்று நினைத்து நான்தான் அடிக்கடி முன்வருவேன்! உலர்ந்த துடைப்பம் ஈயத்தூசியைக் காற்றில் எழுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இப்போது முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறோம். நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண வாக்குவம் நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதித் தள்ளிவிடும். சேர்ந்த ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கித் தூண்டில் குண்டு செய்யும் நண்பரிடம், அந்தப் பாத்திரத்தையும் அடுப்பையும் சமையலுக்குப் பயன்படுத்துவதை மறந்துவிடும்படி கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

காற்றோட்டத்தைப் பொறுத்தவரை, காற்று சுடுபவரின் முதுகுப்பக்கத்திலிருந்து இலக்கை நோக்கிச் சீராகச் செல்ல வேண்டும். எங்கள் ரேஞ்ச் மூன்று பக்கம் சுவர் உள்ள கொட்டகை. தோட்டாக்கள் ஏதும் இல்லாத ஒரு விடுமுறை நாளில், சுடும் இடத்தில் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். பக்கச் சுவரில் இருந்த மின்விசிறியால் புகை சுழன்று நேராக என் முகத்துக்கே திரும்பி வந்தது. விசிறியை இடம் மாற்ற நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள நான்கு மாதங்கள் ஆயின.

மற்றவை எளியவை. சுடும் இடத்தில் தேநீரும் முறுக்கும் கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கை, முகம் கழுவ வேண்டும். ரேஞ்ச் உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஈயமற்ற பெல்லட்டுகளும் கிடைக்கின்றன. எடை குறைவு என்பதால் என் துப்பாக்கியில் அவை அவ்வளவு துல்லியமாகச் செல்லவில்லை. அதனால் போட்டிக்கு மட்டும் ஈயம், பயிற்சிக்கு மற்றது என்று வைத்திருக்கிறேன்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் எனக்கு 8 வந்தது. ரேஞ்ச் செருப்பு இப்போது ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் ஒரு மூடிய டப்பாவில் இருக்கிறது.