மிஷன் போன பிள்ளையும் வாராந்திர வீடியோ காலும்

2019 பிப்ரவரி வரைக்கும் மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை) வீட்டு அம்மாக்களுக்கு வாராவாரம் பேசும் இந்தத் தலைவலி கிடையாது. வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கும் பிள்ளை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்குப் பேசுவான்: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்ற வாரமெல்லாம் மின்னஞ்சல்தான். மாசக்கணக்கில் சேர்ந்த கேள்விகளை ஒரே மூச்சில் கொட்டி, அழுது, சிரித்து, போனை வைப்பார்கள். அந்த பிப்ரவரியில் சபை விதியைத் தளர்த்தியது. இப்போது வாரம் ஒருமுறை போனிலோ வீடியோவிலோ பேசலாம். மிஷன் காலம் பையனுக்கு 24 மாதம், பெண்ணுக்கு 18 மாதம். பையன் வீட்டில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நூறு கால். மூன்றாவது வாரத்திலேயே "அப்புறம்?" "அப்புறம் நீங்கதாம்மா சொல்லணும்" ஆரம்பித்துவிடும்.

கூப்பிடுவது பிள்ளையின் வேலை, நம்முடையது அல்ல. அவனுக்குக் கிடைப்பது பி-டே என்கிற ஆயத்த நாள் மட்டும்தான், பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டுவது, அறையைக் கூட்டுவது எல்லாம் அன்றைக்கே. மாலை ஆனால் மறுபடியும் ஊழியம். ஆகவே "ஏன் இன்னும் கூப்பிடல?" என்று பதினெட்டு மிஸ்டு கால் கொடுப்பதில் பிரயோஜனமில்லை. அவன் வாஷிங் மெஷினுக்கு வரிசையில் நிற்கிறான்.

நேரக் கணக்கு தனிக் கூத்து. பிள்ளை டோக்கியோவில், வீடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் என்றால் குளிர்காலத்தில் 16 மணி நேர வித்தியாசம், கோடையில் 15. அவனுடைய திங்கள் காலை 9 மணி, யூட்டாவில் ஞாயிறு மாலை 5, கோடையில் 6. ஜப்பான்காரர்கள் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, யூட்டாவில்தான் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் திருப்புகிறார்கள். இதாவது பரவாயில்லை. சிலி நாட்டு சாந்தியாகோவுக்குப் போன பிள்ளையின் பெற்றோர் பாடு இன்னும் மோசம். ஜனவரியில் 4 மணி நேர வித்தியாசம். மார்ச்சில் யூட்டா கடிகாரம் முன்னால் போகும், வித்தியாசம் 3. ஏப்ரலில் சிலி கடிகாரம் பின்னால் வரும், 2. செப்டம்பரில் மறுபடி 3, நவம்பரில் 4. மனக்கணக்கை நம்பாதீர்கள். போனின் உலகக் கடிகாரத்தில் அவன் ஊரைச் சேர்த்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்கு மாற்றல் வந்தாலும் நாடு அதுவேதான் என்பதால், பெரும்பாலும் அந்தக் கடிகாரமே கடைசிவரை போதும்.

கால் வந்ததும் "உய்ய்ங்" என்று ஊளைச் சத்தம் கேட்டால் இணையத்தைத் திட்ட வேண்டாம். அப்பா ஹாலில் டேப்லெட்டிலும் அக்கா பக்கத்து சோபாவில் போனிலும் ஒரே காலில் சேர்ந்திருப்பார்கள். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை இன்னொன்றின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. மைக்கை மட்டும் அணைத்தால் போதாது; ஒரு கருவியில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட்போன். படம் உறைந்து நின்றால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் தொடருங்கள். குரலுக்குத் தேவைப்படும் டேட்டா மிகக் குறைவு. தாத்தா உரக்கக் கத்தினால் சிலி வரை போகும் என்று நம்புவதற்கு மட்டும் மருந்து கிடையாது. இன்னொன்று: கம்பேனியன், அதாவது ஜோடியாக ஊழியம் செய்யும் சக மிஷனரி, எப்போதும் பக்கத்திலேயே இருப்பான். "அந்தப் பையன் குறட்டை விடறானாமே?" என்று கேட்டு வைக்காதீர்கள்.

"எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. பின்பக்கக் கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள். பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னால் சாப்பாட்டு லட்சணம் தெரிந்துவிடும். ஷூவைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். குதிகாலின் வெளியோரம் சாய்வாகத் தேய்ந்து உள் அடுக்கு தெரிந்தால் புது ஜோடி வாங்கும் நேரம்.

கொடியில் ரோஸ் நிறச் சட்டை தொங்கினால் பதற வேண்டாம். வெள்ளைச் சட்டையோடு புது சிவப்புத் துணி சேர்ந்திருக்கும். ட்ரையரில் போட்டுவிடாதே என்று முதலில் சொல்லுங்கள். சூடு பட்டால் சாயம் நிலைத்துவிடும். ஈரமாக இருக்கும்போதே ஆக்சிஜன் ப்ளீச் கலந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துத் துவைத்தால் அநேகமாகப் போய்விடும்.

பார்சலை அவன் அறை முகவரிக்கு அனுப்பாமல் மிஷன் அலுவலகத்துக்கு அனுப்புவதே என் கட்சி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரலாம். பார்சல் சுங்கத்தில் உட்கார்ந்திருக்கையில் பிள்ளை அடுத்த ஊருக்குப் போயிருப்பான். சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று மட்டும் எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள், தாமதமாகும். "பருத்திக் காலுறை, 6 ஜோடி" என்று பொருள், எண்ணிக்கை, மதிப்பு மூன்றையும் எழுதுங்கள். பவர் பேங்க், ஸ்ப்ரே, வாசனைத் திரவியம் இவற்றை வைத்தால் பெட்டி திரும்பி வரும். தின்பண்டம் மட்டும் இரண்டு பங்காக வையுங்கள். கம்பேனியனுக்குப் பங்கு உண்டு, கேட்காமலே எடுத்துக்கொள்வான்.