தங்கைக்காக எழுதும் நனிசைவக் குறிப்புகள்

ஜூன் 4

தங்கை நனிசைவத்துக்கு மாறப்போகிறாள். பால், முட்டை உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எல்லா உணவையும் விடுகிறாளாம். "அக்கா, புரதத்துக்கு என்ன பண்றது?" என்றுதான் முதலில் கேட்டாள். எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது. ஆனால் அதிகம் கவலைப்படத் தேவையில்லாத விஷயம். புரதம் அமினோ அமிலங்கள் என்ற துண்டுகளால் ஆனது. அவற்றில் லைசின் என்பது தானியத்தில் குறைவு, பருப்பு வகைகளில் தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொன்றைத் தானியம் ஈடுகட்டிவிடும். இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். அவள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

வைட்டமின் பி12. ரத்தத்துக்கும் நரம்புகளுக்கும் கட்டாயம் வேண்டியது. இதைத் தாவரங்களும் உருவாக்குவதில்லை, விலங்குகளும் உருவாக்குவதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களால் மட்டுமே முடியும். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் அந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம் பெருங்குடலிலும் உண்டு. ஆனால் பி12-ஐ நம் உடல் உறிஞ்சுவது அதற்கு முன்னால் இருக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அதனால் அங்கே உருவாவது நமக்குப் பயன்படுவதில்லை.

ஆகவே மாத்திரை, அல்லது பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவு. வேறு வழி கிடையாது. அமெரிக்கப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். பிறகு ஏன் கடையில் 1000 மைக்ரோகிராம் மாத்திரை விற்கிறார்கள்? உடலின் வழக்கமான உறிஞ்சும் பாதை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராமோடு நிறைந்துவிடும். அதற்கு மேல் போவதில் சுமார் 1 சதவீதம்தான் உள்ளே சேரும்.

கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும். "மாத்திரை இல்லாமலே நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்வதற்கு அதுதான் காரணம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் நிறைய இருக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம். நரம்புச் சேதம் மட்டும் ஓசையில்லாமல் தொடரும். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியே போதும் என்று பரப்புகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடலுக்கு உதவாத போலி பி12.

ஜூன் 8

இரும்புச்சத்து பற்றிச் சுருக்கமாக. பருப்போடு எலுமிச்சை போல வைட்டமின் சி உள்ள ஏதாவது சேரட்டும். தேநீர், காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் தள்ளி வைக்கட்டும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும், பருப்பிலும் தானியத்திலும் இருந்து சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருளைக் குறைத்து, இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர வழிசெய்யும்.

ஜூன் 11

எலும்பு. இதை மழுப்பக் கூடாது. பிரிட்டனில் சுமார் 55,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. இறைச்சி உண்பவர்களைவிட நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு அபாயம் 43 சதவீதம் அதிகம். இடுப்பெலும்பு முறிவு 2 மடங்குக்கும் மேல். இது உடல் எடையைக் கணக்கில் சேர்த்த பிறகு வந்த அளவு. கால்சியம், புரதம் ஆகியவற்றையும் சேர்த்தபோது வித்தியாசம் சற்றுக் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

பசலைக் கீரையில் கால்சியம் இருக்கிறது என்று சமாதானம் சொல்வதும் சரியல்ல. அந்தக் கீரையிலேயே இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேர்வது 5 சதவீதம் அளவுதான். ப்ரோக்கோலி, கால்சியம் உப்பு சேர்த்து உறையவைத்த டோஃபு (சோயா பன்னீர்), செறிவூட்டிய சோயா பால் ஆகியவற்றை நம்பலாம். கூடவே வைட்டமின் டி, எடை தூக்கும் உடற்பயிற்சி, உடல் மெலிந்துபோகாத அளவுக்குச் சாப்பாடு.

ஜூன் 14

இத்தனை கவனமும் எதற்காக என்றால், நிலத்துக்காக. சுமார் 38,000 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி பூர், நெமெசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வை இன்று மறுபடி படித்தேன். உலக விளைநிலத்தில், மேய்ச்சல் நிலம் உட்பட, 83 சதவீதம் விலங்குணவுக்குப் போகிறது. அதிலிருந்து திரும்பக் கிடைப்பது நம் கலோரியில் 18 சதவீதமும் புரதத்தில் 37 சதவீதமும்தான். எல்லோரும் விலங்குணவை விட்டால் உணவுக்கான நிலத்தேவை 76 சதவீதம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அந்த நிலத்தில் காடு திரும்பலாம் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

"சோயாவுக்காகத்தானே காட்டை அழிக்கிறார்கள்?" என்பார்கள். உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்கு போய்ச் சேர்வது கால்நடைத் தீவனத்துக்கு. பயிரே வளராத வறண்ட மேய்ச்சல் நிலங்கள் உண்டு என்ற வாதம் மட்டும் நியாயமானது. அங்கே ஆடு மாட்டை நம்பி வாழ்பவர்களிடம் போய் நனிசைவம் பேச எனக்கு மனம் வரவில்லை. பேச வேண்டியது, தேர்ந்தெடுக்க வசதியுள்ள நம்மைப் போன்றவர்களிடம்.

ஜூன் 19

குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருப்பதாகத் தங்கை இன்று சொன்னாள். அப்படியானால் பி12-இல் ஒரு நாள்கூட அலட்சியம் ஆகாது. தாய்க்குக் குறைந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அயோடின் கலந்த உப்பு, பாசியிலிருந்து எடுக்கும் டிஹெச்ஏ (ஒமேகா-3 வகைக் கொழுப்பு) எண்ணெய் இரண்டைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் பி12 அளவோடு, பி12 குறைந்தால் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பார்த்தால், உடலுக்குள் உண்மையிலேயே குறைவு இருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே போகிறோம். எனக்கும் பார்க்க வேண்டும்.