பத்துக் கேள்விகள்

நம் அரசியல் மேடைகளில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் என்றால் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி உண்மையாக்கியவர். 'பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடும்' என்று அவர் சொன்னதாக உலவும் வாசகத்துக்கு ஆதாரம் கிடையாது. அவருடைய மிகப் பிரபலமான பேச்சோ, மறைக்க முடியாத ஒரு தோல்வியை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது.

1943 பிப்ரவரி 18, பெர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கம். சோவியத் நகரமான ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன் படை முற்றாகச் சரணடைந்து 16 நாட்கள். அரசே துக்கம் அறிவித்து முடித்திருந்தது. தோல்வியை இல்லை என்று சாதிக்க முடியாதபோது, அதையே அச்சமூட்டும் ஆயுதமாக்குவதுதான் மிச்சமிருந்த வழி. நாம் விழுந்தால் ஐரோப்பாவே போல்ஷ்விக்குகளிடம், அதாவது சோவியத் கம்யூனிஸ்டுகளிடம், விழும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடேற்றினார். அதன் பிறகே கூட்டத்தை நோக்கிப் பத்துக் கேள்விகள்.

அரங்கில் இருந்தவர்கள் சுமார் 14,000 பேர், எல்லாரும் நாஜிக் கட்சி பொறுக்கியெடுத்தவர்கள். அவர்களை வரிசையாக வர்ணித்தார்: கிழக்கு முனையில் கை கால் இழந்தவர்கள், கண்ணிழந்தவர்கள், கூடவே செவிலியர்கள், பீரங்கி வண்டித் தொழிலாளர்கள், விஞ்ஞானிகள், கலைஞர்கள். எதிரே இருக்கிறவர்களுக்கு எதற்கு இந்த வர்ணனை? அது வானொலி கேட்பவருக்கு. ஆளையும் பொறுக்கிவிட்டு, இதுதான் மொத்த ஜெர்மனி என்று சான்றிதழும் அவரே கொடுத்தார். யூதர்கள் மட்டும் இங்கே இல்லை என்றதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒன்பதே நாளில், பெர்லின் ஆலைகளில் எஞ்சியிருந்த யூதத் தொழிலாளர்களைப் பிடிக்கும் வேட்டை தொடங்கியது.

கேள்விகளின் அடுக்கைப் பாருங்கள். முதல் ஐந்தும் 'ஆங்கிலேயர்கள் சொல்கிறார்கள்' என்றே தொடங்கும்: ஜெர்மானியருக்கு வெற்றியில் நம்பிக்கை போய்விட்டதாம், போரிட்டுச் சலித்துவிட்டதாம். வெற்றியை நம்புகிறீர்களா, போரைத் தொடர உறுதியா என்பது அதையொட்டி வரும் கேள்வி. இதற்கு 'இல்லை' என்று சொல்பவன் எதிரியின் வாயாகிவிடுவான். அதனால் 'ஆம்' தானாக வரும். நான்காவதுதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது: முழுமையான போர் வேண்டுமா, இன்று நாம் கற்பனை செய்யவும் முடியாத அளவுக்கு? இதற்கும் 'ஆம்' கிடைத்தது. ஆனால் எனக்குக் கொடியதாகப் படுவது ஒன்பதாவது. போருக்குக் குந்தகம் செய்பவனின் தலை போவதற்குச் சம்மதமா? வெற்றியை நம்புகிறாயா என்பதில் தொடங்கியவன், பக்கத்து வீட்டுக்காரனின் தலைக்குச் சம்மதம் கொடுத்து நிற்கிறான். மறுக்க இடமே இல்லாத கேள்வியை முதலில் வைத்து, கேட்கவே கூடாத கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிய வேலை இது.

பேச்சு அன்று மாலையே வானொலியில் போனது. அதற்கான கருவி 1933-லேயே தயார்: 76 மார்க் விலையுள்ள மக்கள் வானொலிப் பெட்டி. விஇ 301 என்ற மாதிரி எண்ணே ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிக்கும். 1939 செப்டம்பரிலிருந்து அயல்நாட்டு நிலையம் கேட்பது குற்றம். வீட்டில் தனியே தயங்கிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்தது பேச்சாளரின் குரல் மட்டுமல்ல, 14,000 பேரின் 'ஆம்'. அந்த 'ஆம்' இல்லாவிட்டால் அது இன்னொரு நீண்ட சொற்பொழிவு, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. போர்க்கால உள்நாட்டு நிர்வாகம் தன் கைக்கு வர வேண்டும் என்று கோயபல்ஸ் துடித்தார். கூட்டத்தின் கூச்சல் ஹிட்லருக்குக் காட்டும் மனுவும்தான். அது மட்டும் உடனே பலிக்கவில்லை. முழுமையான போருக்கான பொறுப்பு அவரிடம் வந்தது 1944 ஜூலையில், ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு தவறிய பிறகு.