பேருதான் நாறுது

மொட்டை மாடி தக்காளி செடியில அடி இலையெல்லாம் ஓரம் மட்டும் தீஞ்ச மாதிரி ஆயிடுச்சு, பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு தண்ணி பத்தலன்னாங்க, நானோ ரெண்டு வேளையும் ஊத்திட்டுதான் இருக்கேன். சரி பொட்டாசியம் குறையா இருக்கும்னு தோணுச்சு, தொட்டில ஊத்த ஊத்த சத்தும் சேந்து அடிச்சிட்டு போயிடும்ல. அத தேடப்போனா காலேஜ்ல படிச்சு மறந்த புட்ரெசின்னு ஒரு சேர்மம் வந்து நிக்குது.

1952ல ரிச்சர்ட்ஸ், கோல்மன்னு ரெண்டு பேரு பார்லிய பொட்டாசியம் இல்லாம வளத்தப்போ இலைல புட்ரெசின் குவிஞ்சு கெடந்துச்சாம். நாலு கார்பன், ரெண்டு பக்கமும் ஒரு அமீன் (நைட்ரஜன் இருக்கற தொகுதி), அவ்ளோதான் அது. செல்லுக்குள்ள ரெண்டு முனையும் பாசிட்டிவ் சார்ஜோட இருக்கும். பொட்டாசியமும் பாசிட்டிவ் தானே, அது வரலன்னதும் செடி ஆர்ஜினைன்ங்கற அமினோ அமிலத்துல இருந்து இத செஞ்சு சார்ஜ் கணக்க ஓரளவு சரிகட்டுது.

பேரு தான் கொடுமை. அழுகின மாமிசத்துல கண்டுபுடிச்சதால புட்ரெசின். அடுத்தது இதுல இருந்தே வர்ற ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின், எங்க மிஸ் இந்த ரெண்டயும் போர்டுல எழுதிட்டு திரும்பவே மாட்டாங்க, கடைசி பெஞ்ச் அப்படி சிரிக்கும் (1670கள்ல லீவன்ஹூக் மைக்ரோஸ்கோப் வச்சு விந்துல பாத்த படிகம் தான் ஸ்பெர்மின், அதனால அந்த பேரு). ஆனா இதெல்லாம் செடிக்கு உயிர். அராபிடாப்சிஸ்ல (லேப்ல ஆராய்ச்சிக்கு வளக்கற ஒரு சின்ன செடி) ஸ்பெர்மிடின் செய்யற ரெண்டு ஜீனையும் எடுத்துட்டா விதைக்குள்ளயே கரு செத்துடும். ஸ்பெர்மின் இல்லன்னா செடி பாக்க நல்லாதான் இருக்கும், உப்பும் வறட்சியும் வந்தாதான் தாங்காது.

எனக்கு புடிச்சது தக்காளி கதை. ஸ்பெர்மிடின் செய்யவும், பழத்த பழுக்க வைக்கற எத்திலீன் வாயு செய்யவும் எஸ்-அடினோசில் மெத்தியோனின்னு ஒரே சரக்கு தான் வேணும், அதனால ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கும், எத்திலீன் கொறைஞ்சா பழம் லேட்டா பழுக்கும்னு நாங்க பரீட்சைக்கு எழுதினோம், மார்க்கும் போட்டாங்க. 2002ல ஈஸ்ட் ஜீன் ஒண்ண தக்காளில போட்டு பழத்துல ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின ஏத்தினப்போ சிவப்பு நிறம் குடுக்கற லைக்கோபீன் கூடுச்சு, பழம் செடிலயே ரொம்ப நாள் நின்னுச்சு, ஆனா எத்திலீன் கொறையல, கூடிடுச்சு! எங்க ஆன்சர் ஷீட்ட இப்ப என்ன பண்றது?

அப்புறம் ஊமத்தையும் புகையிலையும் தங்களோட விஷச் சரக்கு செய்ய ஆரம்பிக்கறது இதே புட்ரெசின்ல ஒரு மெத்தில் தொகுதிய ஒட்டிதான், அது தனி போஸ்ட்டுக்கு.

சாம்பல்ல பொட்டாசியம் இருக்கும்னு கேட்டுப்பாத்தா எங்க தெருவுல ஒரு வீட்லயும் விறகடுப்பு இல்ல, இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட ஒரு கவர் கரி சாம்பல் வாங்கி ரெண்டு பிடி மண்ணுல கலந்துட்டேன். தீஞ்ச இலை திரும்பாது, பொட்டாசியத்த அது ஏற்கனவே மேல துளிருக்கு அனுப்பிடுச்சு. துளிர் இன்னும் பச்சையாதான் இருக்கு.